முதல்ல வந்த வீடு

சித்தெ நகந்து உக்காருங்க தம்பி. சன்னலோரத்தை எனக்கு விட்டுடுங்க, மலை எறங்கறப்ப எனக்குத் தலை சுத்தும். ம், ஆச்சு. சத்தி வரைக்கும் போறீங்களா? நல்லதாப் போச்சு. பேச்சுத் துணைக்கு ஒரு ஆளிருந்தா வளைவு தெரியாது.

துண்டுங்களா? தூசிக்குங்க. ரோடு முச்சூடும் தூசி பறக்குதுல்ல. மூக்கையும் வாயையும் சேத்துச் சுத்திக்கிட்டா நெஞ்சுக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

இப்ப நான் ஏறினேனே, அதுதானுங்க எங்க ஊரு. அச்சுமுறிச்சான். சிரிக்காதீங்க. பேருதான் அப்படி, மண்ணு அத்தனையும் பொன்னு. கோசு போட்டா ஒவ்வொண்ணும் கொழந்தைத் தலையாட்டம் வரும். எங்கய்யன் பாத்து வந்த மண்ணுங்க. எங்கய்யன்னா என்னைப் பெத்தவரு, நாச்சிமுத்துக் கவுண்டர். காங்கயம் பக்கத்துல கெணறெல்லாம் வத்திப்போய் மாடு கண்ணு சாகற காலத்துல, மலை மேல காடு திருத்தினா நெலம் கெடைக்குதுன்னு கேள்விப்பட்டு, கட்டுன பொண்டாட்டியோட கெளம்பி வந்தவரு. அவருதான் ஊருக்கே முதல் ஆளு.

தனியாத்தான் வந்தாரு. மாராக் கவுண்டரும் கூட வந்தாரு. வண்டி அவருது. மாடும் அவருது. ஓட்டினதும் அவரு. ஆனா வழி சொன்னது எங்கய்யனுங்க. அவருக்கு வழி தெரியுமான்னு கேட்டீங்கன்னா, தெரியாது. தெரிஞ்சவரு சொல்லியிருந்தா பாதி வழியிலயே நல்ல ஊராப் பாத்து நின்னிருப்பாங்க. தெரியாததுனாலதான் அவ்வளவு தூரம் போக முடிஞ்சுது.

அப்ப அங்க ஒரு ஈ காக்கா கெடையாது. வெறும் காடு. சோளகருங்க இருந்தாங்க, காட்டு சனங்க. கேத்தன்னு ஒரு சோளகருதான் ஊத்து எங்க இருக்குதுன்னு காட்டினாரு. பசிக்குக் கெழங்கு தோண்டிக் குடுத்ததும் அவருதான். யானை வந்தா எந்தப் பக்கம் ஓடறதுன்னு சொல்லிக் குடுத்ததும் அவருதான். மத்தபடி ஆளுன்னு சொல்ல ஒருத்தரும் இல்லைங்க.

எங்கய்யன் வண்டியில போய்க்கிட்டே இருந்தவரு, இந்த எடம் வந்ததும் எறங்கி, மண்ணை எடுத்து நாக்குல வெச்சுப் பாத்து, “இதுதான்டா நம்ம பூமி”ன்னாராம். வண்டி அச்சு முறிஞ்சதும் அதே எடந்தான். அது தற்செயலுங்க. மாராக் கவுண்டர் மகன் அவிநாசியப்பன் இருக்காரே, அவரு வேற மாதிரி சொல்லிக்கிட்டுத் திரிவாரு. அச்சு முறிஞ்சு வண்டி சாஞ்சதுல எங்கய்யன் குப்புற விழுந்தாராம், வாயில மண்ணு போனது அப்படித்தானாம். பேச்சைப் பாருங்க.

அவிநாசியப்பன் எனக்கு மச்சானுங்க. அவரு தங்கச்சி தெய்வாத்தாளைத்தான் நான் கட்டியிருக்கேன். ஆதியில ஊர்ல இருந்ததே ரண்டு வீடு. எதிர்வீட்டுல பொண்ணெடுக்காம நான் என்ன மைசூருக்கா போவேன்?

எங்காத்தா வர்றப்ப கைக்கொழந்தையோட வந்தாங்க. எனக்கு மூத்தது, பொண்ணு. அச்சுக்கு மரம் தேடிக்கிட்டு இருந்த நாள்ளயே மலைக் காய்ச்சல் கண்டு போயிருச்சு. பேரு கூட வைக்கலை. இச்சி மரத்தடியில பொதைச்சு ஒரு கல்லு நட்டாங்க. அச்சு சரியானதும், இந்தக் காடும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஊருக்கே போலாம்னு ஆம்பளைங்க ரண்டு பேரும் மாட்டைப் பூட்டிட்டாங்க. எங்காத்தா வண்டியில ஏறலை. கல்லுகிட்டப் போய் உக்காந்துக்கிட்டாங்க. கூப்பிட்டாங்க, அதட்டினாங்க, கெஞ்சினாங்க, அசையலை. பொழுதெறங்கினதும் மாட்டை அவுத்துக் கட்டிட்டாங்களாம். அது வேற கதைங்க, அதை விடுங்க. முதல்ல வந்தது யாருங்கறதுதான் நம்ம பேச்சு.

ஏன் சொல்றேன்னா, எங்கூர்ல முதல் வீடுன்னா சும்மா இல்லைங்க. மாரியம்மன் நோம்பிக்கு முதல் பொங்கல் முதல் வீட்டுது. முதல் தீர்த்தம் அவங்களுக்கு. பரிவட்டம் அவங்க தலைக்கு. பூசாரி, “முதல் வீட்டுக்காரரு வந்தாச்சா?”ன்னு கேட்டுட்டுத்தான் மணியையே ஆட்டுவாரு. அந்த நேரத்துல கூட்டத்தை வெலக்கிக்கிட்டு நடந்து போறது இருக்குதே, அட, அதைச் சொன்னாத் தெரியாதுங்க.

இன்னொண்ணும் இருக்குது. மழை பொய்ச்சுப் போனா ஊரே சேந்து கொடும்பாவி கட்டி இழுப்பாங்க. உங்க பக்கமும் உண்டில்ல? வைக்கோல்ல பொம்பளை பொம்மை கட்டி, பாவமெல்லாம் அவ மேலன்னு ஊர் சுத்தி இழுத்து, மாரடிச்சு அழுது, சுடுகாட்டுல வெச்சு எரிக்கறது. அதுக்குக் கொள்ளி வைக்கறதும் முதல் வீட்டு ஆம்பளைதான். பெத்த தாய்க்கு வைக்கறாப்பல, மீசைய எடுத்துட்டு, தண்ணிக்கொடத்தைத் தோள்ல வெச்சுக்கிட்டு மூணு சுத்து சுத்தி வைக்கோணும். நல்லதுக்கும் முதல் வீடு, கெட்டதுக்கும் முதல் வீடு. எங்கய்யனும் மாராக் கவுண்டரும் இருந்த வரைக்கும் இதுல தகராறே வந்ததில்லைங்க. சேந்தே பொங்கல் வெப்பாங்க, சேந்தே மீசைய எடுப்பாங்க. வெவரமில்லாத ஆளுங்க ரண்டு பேரும்.

நான் ஞாயம் பேசறவன். மழை நல்லாப் பேஞ்ச வருசமெல்லாம், இது எங்கய்யன் பாத்து வந்த பூமின்னு நாலு பேருக்கு முன்னால சொல்லுவேன். பொய்ச்சுப் போன வருசத்துல, உண்மைய மறைக்கக்கூடாதுங்களே, வண்டி மாராக் கவுண்டருதுன்னு சொல்லுவேன். ஓட்டியாந்து இந்தக் காஞ்ச காட்டுல தள்ளினது அவருதான்னு சொல்லுவேன். மச்சான் இருக்காரே, அவரு அப்படியே தலைகீழ். மழை பேஞ்சா வண்டி அவங்களுது, பேயாட்டி வழி சொன்னது எங்கய்யன். நேரத்துக்கு ஒரு பேச்சு. எனக்கு அந்த மாதிரி ஆளுங்களைக் கண்டாலே ஆகாது.

மூணு வருசம் முன்னால அப்படித்தான் ஆடி முடிஞ்சும் பொட்டு மழை இல்லை. கொடும்பாவி கட்டறதுன்னு ஊர் கூடிருச்சு. யாரு கொள்ளி வைக்கறதுன்னு பேச்சு வந்துச்சு. எல்லாரும் என்னையவே பாக்கறாங்க. முந்தின நோம்பிக்குப் பரிவட்டம் கட்டினது நானு, அதுக்காக. நான் எந்திரிச்சுச் சொன்னேன், “மாராக் கவுண்டர் வண்டி முன்னால உக்காந்து ஓட்டினாரு. எங்கய்யன் பின்னால காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தாரு. முன்னால இருக்கறவன் முதல்ல வருவானா, பின்னால இருக்கறவன் வருவானா? நீங்களே சொல்லுங்க. முதல் வீடு அவங்க வீடுதான். இத்தனை நாள் நாங்க அனுபவிச்சது தப்பு.”

மச்சான் என்னையப் பாத்தாரு. போய் ஒரு கல்லுமேல உக்காந்து, மீசைய எடுக்கச் சொல்லி முகத்தை நீட்டினாரு.

என் மீசையப் பத்தி உங்களுக்குச் சொல்லோணும் தம்பி. எளந்தாரியில வெச்சது. தெனமும் வெளக்கெண்ணெய் தொட்டு முறுக்கறது. வண்டிமாட்டுக் கொம்பாட்டம் ரண்டு பக்கமும் ஏறி நிக்கும். தாளவாடிச் சந்தையில என்னைய எவனுக்கும் பேரு தெரியாது, “மீசைக் கவுண்டரு”ன்னாத் தெரியும். துண்டா? பல்லு வலிங்க. காத்துப் பட்டா விண்ணு விண்ணுங்குது.

சரி, கேளுங்க. மச்சான் மொழுமொழுன்னு இருந்த மொகத்தோட கொடத்தைத் தோள்ல வெச்சுக்கிட்டு சுத்து வந்தாரு. அவருக்கு நெசமாவே அழுகை வந்துருச்சு. அவங்காத்தா நெனப்பு வந்துருச்சாம். ரண்டாவது சுத்துக்கு மைசூர்ப் பக்கம் இருண்டுச்சு. மூணாவது சுத்துக்கு எடுத்துக் கொட்டுது பாருங்க! கொள்ளி அணைஞ்சு போச்சு. கொடும்பாவி எரியாம நனைஞ்சு கெடக்கறா. கெழடு கட்டை எல்லாம் சேத்துல குதிக்குதுங்க. நானும் குதிச்சேன், பொய் சொல்லக்கூடாது.

வீட்டுக்கு வந்து தலை துவட்டறப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. இனி அம்மனே சாட்சி சொன்ன மாதிரி ஆயிப்போச்சே. அவரு மீசைய எடுத்தாரு, மழை வந்துச்சு. அப்ப முதல் வீடு எது?

அடுத்த நோம்பியில இருந்து பரிவட்டம் அவரு தலையில. நான் கூட்டத்தோட கூட்டமா நின்னு சுண்டலுக்குக் கை நீட்டினேன். தெய்வாத்தா பொறந்த வீட்டுப் பெருமையில புதுச்சேலை கட்டிக்கிட்டு, கூட ஒரு கை சுண்டல் வாங்கி எனக்கே குடுக்கறா. எறங்குங்களா தொண்டையில?

ரண்டு வருசம் பொறுத்தேன். இந்தச் சித்திரையில ஊர்க் கூட்டம் போடச் சொன்னேன். “அச்சு முறிஞ்சப்ப மாராக் கவுண்டர் நொகத்தடியைப் புடிச்சுக்கிட்டு வண்டி மேலயே இருந்தாரு. எங்கய்யன் குப்புற விழுந்தாரு. அதை மச்சானே ஊரெல்லாம் சொல்லியிருக்காரு. அப்ப இந்த மண்ணை முதல்ல தொட்டது யாரு? தொட்டது மட்டுமா, தின்னவரு எங்கய்யன்!” அப்படின்னு கேட்டேன். சாட்சிக்குக் கேத்தன் மகன் மாதனைக் கூப்பிட்டேன். “உங்கய்யன் இருந்தாரில்ல அங்க, ரண்டு பேர்ல யாரு முதல்ல வந்தான்னு சொல்லியிருப்பாரே”ன்னேன். மாதன் சிரிச்சான் பாருங்க ஒரு சிரிப்பு. புரையேறிப் போய், கண்ணைத் தொடைச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். என்ன சிரிப்போ. அந்தக் காட்டு சனங்களுக்கு ஒரு கூட்டத்துல எப்படி இருக்கோணும்னு தெரியறதில்லைங்க.

மச்சான் சண்டைக்கு வருவாருன்னு நானும் பேச்செல்லாம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். அவரு எந்திரிச்சாரு. அண்ணாந்து ஒரு சுத்து மேல பாத்தாரு, கழுத்து வலியாட்ட இருக்குது. அப்பறம், “மாப்பிள்ளை சொல்றதுதான் ஞாயம். முதல் வீடு அவங்க வீடே. அம்மன் முன்னால கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணி வாங்கிக்கட்டும்”னாரு. எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு. என்ன இருந்தாலும் பெரிய மனுசன்னு நெனச்சேன். கற்பூரம் அடிச்சேன்.

கோடை மழை வரலை. வைகாசி வரலை. ஆனியில காத்து மட்டும் அடிச்சுது. ஆடியிலயும் அதே காத்து. போட்ட மக்காச்சோளம் மொழங்கால் ஒயரத்துலயே சுருண்டு போச்சு. கட்டுத்தரையில மாடு என்னையப் பாத்துக் கத்துது, நான் எங்க போவேன்? ஒருநாள் வெடியால கதவைத் தட்டறாங்க. ஊரே வாசல்ல நிக்குது. முன்னால முடிவெட்டற ரங்கன் பெட்டியோட நிக்கறான். அவனுக்குப் பக்கத்துல மச்சான் கண்ணாடி புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. நான் உள்ள திரும்பிப் பாத்தா, தெய்வாத்தா சுடுதண்ணி வெச்சுக்கிட்டிருக்கா. எல்லாம் முன்னாலயே பேசி வெச்சிருக்காங்க!

ஆமாங்க. அதுதானுங்க துண்டு. பல்லு வலியெல்லாம் ஒண்ணுமில்லை. இருங்க, அவுக்கச் சொல்லாதீங்க. மொகத்துல கதவைக் கழட்டின மாதிரி இருக்குது. காலையில கண்ணாடியில பாத்தா எங்காத்தா எட்டிப் பாக்கறாங்க.

சடங்கை நான் கொறையில்லாமப் பண்ணினேன் தம்பி. அழுகைதான் மொதல்ல வரலை. மீசைய நெனச்சேன், வந்துருச்சு. மூணு சுத்து சுத்தினேன். ஒவ்வொரு சுத்துக்கும் ஊரே மைசூர்ப் பக்கம் பாக்குது. நானும் பாத்தேன். கொள்ளி வெச்சேன். எரிஞ்சுது பாருங்க, அப்படி எரிஞ்சதை நான் பாத்ததே இல்லை. வைக்கோலு அவ்வளவு காஞ்சிருந்துச்சு. வானத்துல ஒரு மேகம் கெடையாது. பொகை மட்டும் நேரா மேல போச்சு.

அதுக்கப்பறம் ஊருக்குள்ள யாரைப் பாத்தாலும் முதல்ல வானத்தைப் பாக்கறான், அப்பறம் என் மேல் ஒதட்டைப் பாக்கறான். டீக்கடையில மச்சான் சொன்னாராம், “முதல் வீட்டுக்காரன் மீசைக்குத்தான் அம்மன் மனசு எறங்குவா. கண்டவன் மீசையெல்லாம் அவ கணக்குல சேக்க மாட்டா”ன்னு. கடையே சிரிச்சுதாம். எனக்குச் சிரிப்பு வரலை. வெக்கமா இருந்துச்சு. மீசைக்காக இல்லைங்க. எங்கய்யன் மண்வெட்டி புடிச்சுக் காச்ச கையி எனக்குத் தெரியும். சாகறப்ப வெரல நீட்டி மடக்க முடியாது அவருக்கு. அந்த மனுசன் என்னால பொய்யாப் போயிட்டாரேன்னுதான்.

அதுதான், கோபியில மக வீட்டுல போய் மீசை வளர்ற வரைக்கும் இருக்கலாம்னு கெளம்பிட்டேன். தெய்வாத்தாளையும் கூப்பிட்டேன். “நீங்க போங்க, எனக்கு வேலை இருக்குது”ன்னுட்டா. மழையில்லாத ஊர்ல என்னடி வேலைங்கறேன், பித்தளைக் கொடத்தைப் போட்டுப் புளி வெச்சுத் தேச்சுக்கிட்டு இருக்கா. எதிர்வீட்டுத் திண்ணாக்குல அவ அண்ணி ஒரு கொடத்தைத் தேச்சுக்கிட்டு இருக்கா. ரண்டு பேரும் என்னையப் பாத்து ஒரு சிரிப்பு வேற. பொம்பளைங்களுக்கு என்ன கவலை, சொல்லுங்க.

பண்ணாரி வந்துருச்சுங்களா? பாருங்க, கீழயும் காஞ்சுதான் கெடக்குது. இங்க கொஞ்ச நேரம் நிப்பான், டீ குடிக்கறதுன்னா குடிச்சுட்டு வாங்க.

இருங்க, போன் அடிக்குது. இங்க வந்தாத்தான் டவர் கெடைக்கும். தெய்வாத்தாதான்.

சொல்லு. ஆங், பண்ணாரி. என்ன சத்தம் அங்க? சத்தமாப் பேசு, கேக்கலை. என்னது? என்ன கொட்டுது?

தம்பி, இதைக் காதுல வெச்சுக் கேளுங்க. நான் ஏதோ ஆசையில கேக்கறனா, நெசமாவே கேக்குதான்னு சொல்லுங்க. தகரத்து மேலதானே? எங்க கட்டுத்தரைத் தகரம் அது! இந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா! குடுங்க, குடுங்க.

எப்ப புடிச்சுது? பஸ்சு ஆசனூர் தாண்டறப்பவா? உங்கண்ணன் பக்கத்துலதான் இருக்காரா? என்ன சொல்றாரு?

கேட்டீங்களா தம்பி. மாப்பிள்ளை ஊரை விட்டுப் போன கால் நல்ல காலாம். கொளம் ரொம்பற வரைக்கும் கோபியிலயே இருக்கட்டுமாம். மழையில நனைஞ்சுக்கிட்டே சொல்றாராம். ஏ தெய்வா, அந்த மனுசன்கிட்டச் சொல்லு, மீசைய எடுத்தது நானு, கொஞ்சம் பிந்தி வந்தாலும் மழை எனக்கு வந்த...

என்னது? நீயும் உங்கண்ணியுமா? நீங்க என்ன பண்ணினீங்க?

எந்தக் கல்லுக்கு?

ம்.

ம். சரி. வெச்சிடு.

இல்லைங்க தம்பி, ஒண்ணுமில்லை. நான் பஸ் ஏறினதும் ரண்டு வீட்டுப் பொம்பளைங்களும் கேத்தன் ஊத்துல இருந்து கொடங் கொடமாத் தண்ணி கொண்டாந்து ஊத்தியிருக்காங்க. கோயிலுக்கில்லை. இச்சி மரத்தடிக் கல்லுக்கு. அதுதான், பேரில்லாத அந்தப் புள்ளைக்கு. எங்காத்தா காலத்துல இருந்து மழை பொய்க்கறப்பெல்லாம் ஊத்துவாங்களாம். மச்சான் மீசைய எடுத்த அன்னைக்கும் ஊத்தினாங்களாம். இந்தத் தடவ ஊத்து வத்திப்போய், ஊறி ஊறி எடுக்க இத்தனை நாளாயிருச்சாம். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. தெய்வாத்தா சொல்றா, “வண்டியில வந்த ஆம்பளைங்க ரண்டு பேரும் திரும்பிப் போகத்தான் மாட்டைப் பூட்டினாங்க. போகாம இருந்தது கல்லடியில கெடக்கற அவ ஒருத்திதான். அவளாலதான் அத்தை இருந்தாங்க, அத்தையாலதான் ஊரே இருந்துச்சு. நீங்க எந்த முதல் வீட்டுக்கு அடிச்சுக்கறீங்க?” அப்படிங்கறா.

எங்கக்காங்க அது. இத்தனை வயசுக்கு ஒரு தடவ கூட நான் அக்கான்னு சொன்னதில்லை. ஒரு பூ வெச்சதில்லை. அந்தக் கல்லு மேல காலை வெச்சு மரமேறி வெளையாடியிருக்கேன் தம்பி.

துண்டுங்களா? இருக்கட்டும், கண்ணைத் தொடைக்கத்தான் அவுத்தேன். பாத்துட்டீங்கல்ல. சிரிச்சுக்குங்க.

இருங்க இருங்க. எங்கக்கான்னு சொன்னேனில்ல இப்ப? எங்கய்யன் பெத்த புள்ளைதானே அது? அப்படின்னா முதல்ல தங்கினது எந்த வீட்டுப் புள்ளைங்க? வாயைத் தொறந்து சொல்லுங்க தம்பி, நீங்க மூணாவது மனுசன், நீங்க சொன்னா எடுபடும். எங்க வீடு! எங்க வீடுதானுங்களே முதல் வீடு!

கண்டக்டரே, கொஞ்சம் நில்லுங்க, எறங்கோணும். மேல போற வண்டி எப்ப வரும்? பூக்காரம்மா, அந்த மல்லிச் சரத்தை அப்படியே குடுங்க. ஆமா, முழுசும், எங்கக்காளுக்கு. நனைஞ்சுதான் போவேன் தம்பி, நனையறதுக்குத்தானே போறேன். வெறும் மொகத்தோடதான் போவேன். மச்சான் பாக்கட்டும்.

இந்தத் துண்டை நீங்க வெச்சுக்குங்க. சத்தி வரைக்கும் ஒரே தூசி.